அம்மாவின் கைப்பக்குவத்தை எழுதி வைக்க முடியுமா?

கேள்வி

என் அம்மாவுக்கு இப்போது 78 வயது. திருமணமான நாள் முதல் எங்கள் வீட்டுச் சமையலை அவரே கவனித்து வருகிறார். வேறு எவர் உதவிக்கு வந்தாலும் உப்பும் காரமும் அவர் கையால்தான் விழ வேண்டும். கடந்த ஓராண்டாக உப்பு கூடிக்கொண்டே போகிறது. பெரியவர்கள் நாங்கள் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு வந்தோம். என் மகன் சிறு பையன், ஒரு நாள் மதியம் "பாட்டி, இது ரொம்பக் கரிக்கிறது" என்று சொல்லிவிட்டான். அம்மா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, "சரியாகத்தானே இருக்கிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே சரியாக இருந்திருக்கிறது. அன்று மாலை அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

அதன் பிறகுதான் அவருடைய சமையலை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், "கொஞ்சம் போடு", "பதம் வந்ததும் இறக்கு", "வாசனையே சொல்லும்" என்கிறார். சொன்னதைச் சொன்னபடி எழுதி, அதே பொருள்களை வைத்து நானே மூன்று முறை சமைத்துப் பார்த்தேன். உண்ணத் தகுந்ததாக இருந்தது. அம்மா சமைத்ததாக இல்லை.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, அப்பா மாதம் ஒரு முறை எங்களை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் செல்வார். பல ஆண்டுகள் கழித்து அண்மையில் அங்கே போய், அன்று கேட்ட அதே உணவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எந்த நினைவும் எழவில்லை. சமையல் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

சுவை என்பது பாத்திரத்தில் இருக்கிறதா, நம் நினைவில் இருக்கிறதா? பாத்திரத்தில் இருக்கும் பங்கையாவது எழுத்தில் பிடிக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

உங்கள் அம்மாவின் உப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவசரமானது அதுதான். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் உணரும் சுவை) ஆகிய ஐந்தைத்தான். மற்றதெல்லாம், மெல்லும்போது வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறிச் செல்லும் ஆவியில் இருக்கிறது. மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் உணவை மென்று பாருங்கள். உப்பும் புளிப்பும் தெரியும், அது என்ன உணவு என்பது தெரியாது. விரலை எடுத்த நொடியில் முழுச் சுவையும் திரும்பி வரும்.

இந்த மூக்கின் திறன் வயதோடு குறைகிறது. ரிச்சர்டு டோட்டியும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மோப்பத் திறன் பெரிதும் குறைந்திருந்தது. 80 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் அந்த நிலையில் இருந்தார்கள். கண் மங்கினால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று நமக்கே புரிகிறது. மூக்கு மங்கினால் அப்படிப் புரிவதில்லை. உணவு சப்பென்று இருப்பதாகத்தான் தோன்றும். சப்பென்று இருப்பதைச் சரிசெய்யக் கைக்கு எட்டுவது உப்பு. எனவே அம்மா கவனக்குறைவாகச் சமைக்கிறார் என்று வீட்டில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். தமக்கு எட்டாமல் போன சுவையை எட்டிப் பிடிக்க அவர் முயன்றுகொண்டிருக்கிறார்.

மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். சில மாத்திரைகள், குறிப்பாக இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகள், வாயின் சுவையை மாற்றக்கூடும்; அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது. மோப்பம் திடீரென்று போயிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். வீட்டில் எரிவாயு கசிந்தாலோ, ஏதேனும் தீய்ந்தாலோ, உணவு ஊசிப்போனாலோ அவருக்குத் தெரியாமல் போகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூடிக்கொண்டே போகும் உப்பு அவருடைய உடலுக்கும் நல்லதல்ல. ஆனால் இதைக் காரணம் காட்டி அவரை அடுப்படியிலிருந்து விலக்கிவிடாதீர்கள். உப்பை மட்டும் அளந்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, மற்றதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

நினைவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற மூளைப் பகுதியின் வழியாகவே பெருமூளைப் புறணிக்குச் செல்கின்றன. வாசனையின் செய்தி அங்கே போகாமல், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவையும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸைச் சுற்றிய பகுதிகளையும் மிகக் குறுகிய வழியில் சென்றடைகிறது. முதியவர்களிடம் வில்லாண்டர், லார்சன் என்ற இருவர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களும் படங்களும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தைய பருவத்தைச் சேர்ந்தவையாகவும், வாசனைகள் கிளப்பியவை பத்து வயதுக்கு முந்தையவையாகவும் இருந்தன. ஆகவே உங்கள் அம்மாவின் சமையல் உங்களிடம் பதிந்தது, உங்களுக்கு எழுதப் படிக்க நன்றாக வருவதற்கும் முன்பாக. அதைச் சொற்களால் எழுதுவது கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் மறுமொழி

என் மாமியாரின் சமையலை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் செய்த பிழையைத்தான் நானும் முதலில் செய்தேன். அளவு கேட்டேன். கண்திட்டத்தில் சமைப்பவரிடம் அளவு கேட்டால், நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் அளவைச் சொல்வார். அது அவர் போடும் அளவாக இருக்காது.

கேட்பதை நிறுத்திவிட்டு எடை போடத் தொடங்கினேன். அவர் சமைக்க வருவதற்கு முன்பு உப்பு ஜாடி, எண்ணெய்க் கிண்ணம், பொடி டப்பா ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வேன். அவர் முடித்துவிட்டுப் போன பிறகு மறுபடியும் நிறுப்பேன். குறைந்தது எவ்வளவோ, அதுதான் அவர் போட்ட அளவு. அவருடைய கை ஓட்டத்தைத் தடுக்காமல் அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள்: கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருப்பதில்லை. ஒரே சமையலை ஐந்து முறையாவது நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு ஐந்து முறையும் ஓரிரு கிராம் வித்தியாசத்துக்குள் அடங்கியது. காரம் மட்டும் அன்றன்றைக்கு யார் சாப்பிட வருகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் இருந்தது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, இன்று அவர் போடும் உப்பைப் பழைய அளவாக எழுதிவிடாதீர்கள். உப்பை மட்டும் வீட்டில் மற்றவர்களின் நாக்கைக் கொண்டு முடிவு செய்யுங்கள்; மீதி அளவுகளில் அவருடைய கை இன்னும் பழைய வழியிலேயே போக வாய்ப்பு அதிகம்.

ஆனால் அளவு பாதிதான். எல்லா அளவும் சரியாக வந்த பிறகும் என் சமையல் அவருடையதாக ஆகவில்லை. காரணம் வரிசையிலும் நேரத்திலும் இருந்தது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவசரத்தில் சிறிய பாத்திரத்தில் நிறையக் குவித்து மூடி வைத்துவிடுவேன். அதில் நீர் விட்டு நிற்கும் வரை பாத்திரத்தின் சூடு 100 பாகையைத் தாண்டாது. வெங்காயம் வேகுமே தவிரச் சிவக்காது. சிவப்பதும் அந்த மணம் எழுவதும், 1912-இல் பிரான்சைச் சேர்ந்த லூயி கமீய் மயார் விவரித்த வினையால் நடப்பவை. அது விரைந்து நடக்க ஏறத்தாழ 140 பாகைச் சூடு வேண்டும், அதாவது நீர் சுண்டியிருக்க வேண்டும். மாமியார் அகலமான, அடிகனமான பாத்திரத்தில் மூடாமல் வதக்கினார். "பச்சை வாசனை போகணும்" என்று அவர் சொன்னதெல்லாம் இந்த வேதியியலைத்தான். பொடிகளையும் அவர் எப்போதும் எண்ணெயில் இட்ட பிறகே நீர் ஊற்றுவார். மணப்பொருள்களில் பல, நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை.

புளிப்புச் சேர்க்கும் நேரம்தான் என்னை நீண்ட நாள் ஏமாற்றியது. நான் தொடக்கத்திலேயே ஊற்றிவிடுவேன். காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே இருக்கும். புளிப்பு இருக்கும் நீரில் காய்களின் உயிரணுச் சுவர்களை இணைத்துப் பிடிக்கும் பெக்டின் என்ற பொருள் எளிதில் கரைவதில்லை. மாமியார் காய் முக்கால் வேக்காடு வந்த பிறகே புளிப்பைச் சேர்த்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குக் காரணம் தெரியாது. "அப்போதுதான் சேர்க்க வேண்டும்" என்பது மட்டும் தெரியும். இப்படிப்பட்டவற்றை அவர் ஒருநாளும் தாமாகச் சொல்லமாட்டார், ஏனெனில் அவை சொல்லவேண்டியவை என்றே அவருக்குத் தோன்றாது. நாம் நின்று பார்த்தால்தான் கிடைக்கும்.

ஒலியையும் பதிவு செய்யுங்கள். கைப்பேசியை அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டால் போதும். நீர் நிறைய இருக்கும்போது எழும் சத்தமும், சுண்டி எண்ணெய் பிரிந்து வரும்போது எழும் சத்தமும் வேறு வேறு. "பதம்" என்று எழுதிய இடத்திலெல்லாம், பதிவில் எத்தனையாவது நிமிடம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று என் மகள் அந்தப் பதிவைக் காதில் கேட்டுக்கொண்டேதான் சமைக்கிறாள். பின்னணியில் அவளுடைய பாட்டியின் குரலும் கேட்கிறது.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் உணவகத்தில் நீங்கள் பட்ட ஏமாற்றத்துக்கு அந்தப் பாத்திரத்தில் விடை தேடுவதில் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதம் ஒரு முறை, அப்பாவோடு, பசியோடு, என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போன சிறுவனுக்குக் கிடைத்த உணவு அது. இப்போது நீங்கள் தனியாக, எப்போது வேண்டுமானாலும் வாங்கக்கூடியவராகப் போயிருக்கிறீர்கள்.

மேலும், நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அன்று. எடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. பெர்ன்ஸ்டீன், எலிசபெத் லாஃப்டஸ் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் ஓர் உணவைச் சாப்பிட்டு உடல்நலம் கெட்டதாகப் பொய்யாகச் சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அதை நம்பினார்கள். அப்படி நம்பியவர்களுக்கு அந்த உணவின் மீதே விருப்பம் குறைந்தது. நடக்காத ஒன்றே இத்தனை செய்யுமானால், நடந்த ஒன்றை நாற்பது ஆண்டுகள் மீண்டும் மீண்டும் பேசி மகிழ்ந்திருக்கும் குடும்பத்தில் அந்த உணவு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே என் யோசனை இது. உங்களோடு அந்த உணவகத்துக்கு வந்த உடன்பிறந்தவர்கள் இருந்தால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு முன்பு, தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எங்கே உட்கார்ந்தோம், யார் என்ன கேட்டோம், அப்பா என்ன சாப்பிட்டார். பேசிவிட்டால், அழுத்தமாகச் சொல்பவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். நாங்கள் நான்கு பேர் எங்கள் வீட்டில் இப்படி எழுதினோம். நான்கும் நான்கு விதமாக இருந்தன. நான்கையும் திருத்தாமல் அப்படியே ஒரே நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்தார். மோப்பத் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றும், அது சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது அம்மா வருந்துவார் என்று அஞ்சினேன். மாறாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்படியானால் என் கை கெட்டுப்போகவில்லை" என்று வண்டியில் வரும்போது இரண்டு முறை சொன்னார். எரிவாயு கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை அடுப்படியில் பொருத்திவிட்டோம்.

எடை போடும் வேலையை நான்கு முறை செய்துவிட்டேன். நான் எழுதியிருந்த எண்ணெய் அளவு உண்மையில் அவர் ஊற்றுவதில் பாதிகூட இல்லை. அவர் நெருப்பைக் குறைத்துவிட்டு ஏறத்தாழ பதினைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் அடுப்புக்கு அருகில் நின்றுகொண்டிருப்பார். அந்தப் பதினைந்து நிமிடம் என் குறிப்பில் இல்லவே இல்லை, ஏனெனில் அவர் எதையும் செய்யாததால் நானும் எதையும் எழுதவில்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் உணவகம் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். தங்கையின் தாள் நேற்று வந்தது. அப்பா அங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்றும், எங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடிப்பார் என்றும் எழுதியிருக்கிறாள். என் நினைவில் அப்பாவுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. அண்ணனின் தாளுக்காகக் காத்திருக்கிறேன்.

உப்பை இப்போது என் மகன்தான் தராசில் அளந்து பாட்டியின் கையில் கொடுக்கிறான்.