நீமன்-பிக் பி வகை: மூச்சிரைப்புக்காக மண்ணீரலை அகற்றலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):

பெரியோர்களுக்கு வணக்கம். என் தங்கை மகளுக்கு வயது 11. சிறு வயதிலிருந்தே கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு முன்தள்ளியிருக்கும். மூச்சிரைப்பு தொடங்கியபோது ஆஸ்துமா என்று சொல்லி, இரண்டு ஆண்டுகள் இன்ஹேலர் கொடுத்தார்கள்; பலனில்லை. சென்ற ஆண்டுதான் இரத்தத்தில் நொதியின் அளவைப் பார்த்து நீமன்-பிக் பி வகை (உடலில் கொழுப்பு தேங்கும் பரம்பரை நோய்) என்று உறுதிசெய்தார்கள். இப்போது பள்ளியின் மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறாள். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மங்கலான வெண்படலம் தெரிகிறதாம். மண்ணீரலை எடுத்துவிட்டால் மூச்சு சீராகும் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 1 (பாலக்காடு, நுரையீரல் மருத்துவர்):

ஐயா, அந்த முடிவை அவசரமாக எடுக்க வேண்டாம். வீங்கிய மண்ணீரல் உதரவிதானத்தை மேலே தள்ளுவது உண்மைதான்; ஆனால் ஸ்கேனில் தெரியும் வெண்படலத்துக்கு அது காரணமாகாது. ஸ்பிங்கோமைலின் என்னும் கொழுப்பைச் சிதைக்கும் நொதி போதாததால், அந்தக் கொழுப்பை விழுங்கிய செல்கள் நுரைபோல் உப்பி, காற்றறைகளிலும் அவற்றின் சுவர்களிலும் தங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் இரத்தத்துக்குள் செல்வது அதனால் தடைபடுகிறது. இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிப்பதற்கான மருந்து என்பதால் இந்த இடத்தில் அதற்கு வேலையில்லை. மண்ணீரலை முழுவதும் அகற்றிய நோயாளிகள் சிலரிடம் நுரையீரல் நிலை மேலும் மோசமானதுண்டு; கிருமித் தொற்று அபாயமும் கூடும்.

ஸ்கேனில் படலம் பரவியிருப்பதை மட்டும் வைத்துப் பாதிப்பின் அளவைச் சொல்ல முடியாது. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை உள்ளிழுக்கச் செய்து, வாயு இரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். அந்த எண்தான் சிகிச்சையின் பலனையும் பின்னர் காட்டும். 2022-இல் பல நாடுகளில் அனுமதி பெற்ற ஒலிபுடேஸ் ஆல்ஃபா என்னும் நொதி மருந்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுகிறது. ஆய்வுகளில் அந்த எண் உயர்ந்தது, மண்ணீரலும் சுருங்கியது.

பதில் 2 (சித்தூர், ஒரு தாய்):

அண்ணா, என் மகனுக்கும் இதே நோய். மருந்தின் விலையைக் கேட்டு நாங்கள் இடிந்துபோயிருந்தோம். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்படி, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். நம் பக்கத்துக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அப்படியொரு மையம். நொதிப் பரிசோதனை அறிக்கையின் மூலப்படியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். சாதாரணச் சளி கூட என் மகனை வாரக்கணக்கில் படுக்கவைத்துவிடுகிறது. வயிற்றில் அடிபட்டால் மண்ணீரல் கிழியக்கூடும் என்பதால் மோதி விளையாடும் ஆட்டங்கள் வேண்டாம் என்று பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறுவை சிகிச்சைப் பேச்சை நிறுத்திவிட்டு, நீங்கள் சொன்ன பரிசோதனைக்கு நாள் கேட்கிறோம். பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் ஆவார்கள். அவளுடைய 4 வயதுத் தம்பிக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. அவனையும் பார்க்க வேண்டுமா?

பதில் 1:

கட்டாயம் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் குறைபாட்டு மரபணுவைத் தாங்குபவர்கள் என்பதால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அவள் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே தம்பிக்கும் நொதி பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.