தமிழில் பேசினால் நட்சத்திரம்: பாலர் பள்ளியில் வளர்வது பழக்கமா, கணக்கா?

பொங்கோல்_தாய்:

என் மகளுக்கு ஐந்து வயது. சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் கே1, அதாவது பாலர் வகுப்பின் முதலாம் ஆண்டு, படிக்கிறாள். இவ்வாண்டுத் தொடக்கத்தில் அவளுடைய தமிழ் வகுப்பின் சுவரில் பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய ஓர் அட்டையை மாட்டினார்கள். தமிழ் வேளை முழுவதும் ஓர் ஆங்கிலச் சொல்கூடப் பேசாத பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் கிடைக்கும். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஓர் அழிப்பான். தொடக்கத்தில் எனக்கும் மகிழ்ச்சிதான். வீட்டில் அதுவரை ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழில் பேசத் தொடங்கினாள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஈசூனிலிருந்து என் அம்மா வந்திருந்தார். "பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். "பீஹூன் சாப்பிட்டேன் பாட்டி" என்று தெளிவாகச் சொன்ன என் மகள், அடுத்த நொடியே உள்ளங்கையை நீட்டி, "ஸ்டார்?" என்றாள். அம்மா சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வகுப்பில் யார் எந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்கள் என்று தினமும் மாலையில் எனக்கு ஒப்பிக்கிறாள். "அவன் 'வாட்டர்'னு சொன்னான், நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்று பெருமையோடு சொல்கிறாள். தமிழ் வளர்க்கப் போய்க் கோள் சொல்லும் பழக்கத்தை வளர்க்கிறோமோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

1973ஆம் ஆண்டு லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் செய்த ஆய்வைப் பற்றி அண்மையில் படித்தேன். படம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றப் பிள்ளைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. நம் பிள்ளைகளின் தமிழுக்கும் இதுதான் நடக்கிறதா?

தேக்கா_ஐயா:

சகோதரி, முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த ஆய்வை நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். அதில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் ஏற்கெனவே படம் வரைவதில் ஆர்வம் காட்டியவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இருக்கிற ஆர்வத்தைப் பரிசு குறைத்தது என்பதே அந்த முடிவு. இல்லாத ஆர்வத்தைப் பரிசால் தொடங்கி வைக்க முடியுமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழில் பேசும் ஆர்வத்தோடு வகுப்புக்குள் நுழைகிறார்கள்?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 48.3 விழுக்காடு, பத்தாண்டுக்கு முன் அது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சின்ன நட்சத்திரத்தை மறுப்பது நியாயமா?

பழக்கம் முதலில் வரும். விருப்பம் பின்னால் வரும். எந்தக் குழந்தையும் பல் துலக்குவதை விரும்பித் தொடங்குவதில்லை. நாம் கெஞ்சுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், கதை சொல்வதாக ஆசை காட்டுகிறோம். ஆறு வயதில் அது தானாக நடக்கிறது. கோள் சொல்வது தவறுதான். அதற்கு ஆசிரியர் கண்டிக்க வேண்டியது அந்தக் குணத்தை, அட்டையை அன்று.

செங்காங்_அக்கா:

ஐயா சொல்வதை நான் ஆதரிக்கிறேன். எப்படியாவது இரண்டு மொழியும் வந்துவிட்டால் போதும். இருமொழிப் பிள்ளைகளுக்குக் கவனத்தை அடக்கி ஆளும் ஆற்றல் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பொறுமையும் தன்னடக்கமும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இயோசூகாங்_அப்பா:

அக்கா, அந்த நம்பிக்கையின் மீது பாரத்தை ஏற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உளவியல் ஆய்வாளர் எலென் பியாலிஸ்டாக் போன்றோரின் ஆய்வுகளால் அக்கருத்து பரவியது உண்மை. ஆனால் அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்தச் சாதகம் தென்படவில்லை. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வும் அப்படி ஒரு சாதகத்துக்குச் சான்று இல்லை என்றே முடித்தது. தமிழை மூளைக்கு ஊட்டமருந்தாக விற்றால், மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்த நாளில் தமிழையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவார்கள்.

என் வீட்டு நிலையைச் சொல்கிறேன். என் மனைவி சீனர். மகனுக்கு நான்கு வயது. மாமியார் அவனோடு மாண்டரின் பேசுகிறார். நானும் மனைவியும் எங்களுக்குள் ஆங்கிலம் பேசுகிறோம். தமிழ் என்னிடமிருந்து மட்டும்தான், அதுவும் நான் வேலை முடிந்து வந்த பிறகு. சென்ற மாதம் அவன் வகுப்பில் ஒரு பையனைக் கடித்துவிட்டான். அன்றிரவு அவனை மடியில் வைத்து, ஏன் கடித்தாய், அவனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று பேசியது ஆங்கிலத்தில்தான். அவனுக்குத் தன் கோபத்தை விளக்க ஆங்கிலத்தில் மட்டுமே சொல் இருந்தது. ஆகவே குணம், நேர்மை, பொறுமை போன்றவற்றைப் பிள்ளைக்கு எந்த மொழி அதிகம் புரிகிறதோ அதில் கற்பிக்க வேண்டும். தமிழ் வேளையில் பாட்டும் விளையாட்டும் போதும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் கிடைக்கும் மொழியின் தலையில் ஒழுக்கப் பாடத்தையும் ஏற்றினால் இரண்டும் நொண்டும்.

"ஐந்தில் வளையாதது" என்று யாராவது தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பழமொழி எந்த மொழியில் வளைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பாலர்பள்ளி_ஆசிரியை:

ஒன்பது ஆண்டுகளாகப் பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நட்சத்திர அட்டையை நானும் நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினேன், ஆகையால் வெளியில் நின்று குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அட்டை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர்கள் ஒவ்வொரு வாரமும் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறார்கள். பிள்ளை பொறுமையாகக் காத்திருந்ததைப் படம் பிடித்து அனுப்ப முடியாது; எட்டு நட்சத்திரத்தை அனுப்பலாம்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014இல் தொடங்கியபோதிருந்து அங்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் தாய்மொழி வேளை இருக்கிறது. பாலர் கல்விக்கான பாடத்திட்டக் கட்டமைப்பு, பிள்ளைகளிடம் வளர வேண்டிய கற்றல் மனப்பாங்குகள் என்று ஆறினைக் குறிப்பிடுகிறது: விடாமுயற்சி, சிந்தித்துப் பார்த்தல், மதித்துப் பாராட்டுதல், புதிதாக எண்ணுதல், வியப்போடு அறிய விரும்புதல், ஈடுபாடு. இவை ஆங்கில வேளைக்கு மட்டும் உரியவை என்று அதில் எங்கும் இல்லை. இயோ சூ காங் சகோதரர் சொல்வதுபோல் தமிழ் வேளையைப் பாட்டோடு நிறுத்திவிட்டால், யோசிப்பதற்கும் மனம் வருந்துவதற்கும் ஆங்கிலம், கைதட்டுவதற்குத் தமிழ் என்று பிள்ளை தானே பிரித்துக்கொள்ளும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காகிதக் கோப்பையில் ஈரப்பஞ்சு வைத்து, ஆளுக்கு ஐந்து பச்சைப்பயறு போட்டோம். முளை, வேர், இலை என்ற சொற்கள் வந்தன. ஆனால் அதைவிட, தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பது அவரவர் பொறுப்பு என்பதுதான் நான் எதிர்பார்த்த பாடம். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் ஒருவரும் தமிழ் பேசுவதில்லை. ஆறு மாதமாக என்னிடம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் காலை தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "டீச்சர், வாடிப்போச்சு. ஐ ஃபர்காட்" என்றான். பக்கத்திலிருந்த கோப்பை தன்னுடையது என்று சொல்லியிருக்கலாம். பெயர் ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் கிழிந்துபோயிருந்தது, எனக்குத் தெரிந்திருக்காது. அவன் சொல்லவில்லை.

அட்டையின் விதிப்படி அன்று அவனுக்கு நட்சத்திரம் கிடையாது, ஏனென்றால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் பேசிவிட்டான். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் வாயே திறக்காத இன்னொரு பிள்ளைக்கு ஐந்து நட்சத்திரம். அன்று மாலையே அட்டையைக் கழற்றிவிட்டேன்.

பொங்கோல் சகோதரி சொன்ன அதே 1973 ஆய்வில் மூன்றாவது குழு ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் பரிசைப் பற்றி முன்பே சொல்லவில்லை. வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். அவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆகவே பரிசே நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். "இதைச் செய்தால் இது" என்ற பேரம்தான் சிக்கல்.

தேக்கா_ஐயா:

ஆசிரியையின் அனுபவத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். நல்ல வகுப்பு. ஆனால் மூன்று ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, பதினெட்டுப் பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கும் புதிய ஆசிரியர் எல்லோராலும் இப்படி நடத்த முடியாது; அவர்களுக்கு எளிய கருவி ஏதாவது வேண்டும். இரண்டு, கலந்து பேசுவதை நாம் ஏற்றுக்கொண்டே போனால் அதுவே நிலைத்துவிடும். தொடக்கநிலை ஒன்றில் "டீச்சர், மை பென்சில் விழுந்துச்சு" என்பதோடு நின்றுவிட்ட பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்தவன். மூன்றாவது, நேரடியாகவே கேட்கிறேன்: அந்தப் பையன் "மறந்துட்டேன்" என்ற சொல்லைக் கற்றானா, இல்லையா? நேர்மையைப் பாராட்டுவது சரி. தமிழ் வகுப்பு தமிழையும் தர வேண்டும் அல்லவா?

பாலர்பள்ளி_ஆசிரியை:

கற்றான், ஐயா. நான் திருத்தவில்லை. "மறந்துட்டியா?" என்று கேட்டேன். "ம்ம், மறந்துட்டேன்" என்றான். "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றேன். புதிய பயறு போடலாம் என்று கையால் காட்டினான். நான் சொல்லாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்ததால் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் சொன்ன பென்சில் வாக்கியத்தில் "விழுந்துச்சு" என்ற வினை தமிழாக இருக்கிறது. எனக்கு அது நம்பிக்கை தருகிறது. அதை "விழுந்தது" என்று சொல் என்று திருத்தியிருந்தால்தான் பிள்ளை வாயை மூடியிருக்கும். பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்டக் குழுவே பரிந்துரைத்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

புதிய ஆசிரியர்களைப் பற்றிய உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அட்டையைக் கழற்றியபின் முதல் மூன்று வாரம் என் வகுப்பில் ஆங்கிலம் கூடத்தான் செய்தது. தலைமையாசிரியர் பொறுத்துக்கொண்டார். எல்லாருக்கும் அப்படிப்பட்டவர் வாய்ப்பதில்லை.

இயோசூகாங்_அப்பா:

நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மகன் கடித்த அன்று அவன் கோபத்தை ஆங்கிலத்தில்தான் பேசியிருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தமிழில் பேசினால் வரும் வேறொரு பாடத்தை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எங்கள் புளோக்கில் அவனுக்கு எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். அனைவருக்கும் ஒரே 'யூ'. சென்ற வாரம் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பார்த்து "வா" என்றான். "தாத்தாவை 'வாங்க'ன்னு சொல்லணும்" என்றேன். "ஏன்?" என்றான். பதினொன்றாவது மாடி வரும்வரை அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டிய கட்டாயம் நம் மொழியின் வினைமுற்றிலேயே இருக்கிறது. மாண்டரினிலும் பெரியவர்களை உறவுமுறை சொல்லி அழைக்காமல் மாமியார் அவனைச் சாப்பிட உட்கார விடமாட்டார். ஆகவே அவனுக்கு இது முற்றிலும் புதிதும் அன்று.

இருந்தாலும் என் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. வீட்டில் தமிழே இல்லாத பிள்ளைக்கு வகுப்பு மட்டும் என்ன செய்துவிடும்?

பொங்கோல்_தாய்:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பேசினேன். அட்டையை ஜூன் விடுமுறை வரை எடுக்க இயலாது என்றார். மற்றப் பெற்றோர் சிலர் அதை விரும்பிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் ஆங்கிலச் சொல்லை வந்து சொன்னால் அதைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றும், "அவனுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்னு நீ சொல்லிக் குடு" என்று திருப்பி அனுப்பப்போவதாகவும் சொன்னார். தேக்கா ஐயா கேட்ட எளிய கருவி ஒருவேளை இதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி வந்திருந்தார். "ஃபேனைப் போடும்மா, வேர்க்குது" என்றார். என் மகள் விரலை ஆட்டி, "பாட்டி, ஃபேன் சொல்லிட்டீங்க. இன்னைக்கு உங்களுக்கு ஸ்டார் இல்ல" என்றாள். எழுபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்தவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, "அப்ப அதுக்குத் தமிழ்ல என்னன்னு நீ சொல்லு" என்றார். அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் 'மின்விசிறி' என்றேன். அம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, அந்த மின்விசிறியைப் போடு, வேர்க்குது" என்றார்.

ஆசிரியை அவர்களே, பச்சைப்பயற்றுக்குப் பஞ்சு எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே வாடை வருகிறது.