ஸ்காக்வேயில் கப்பல் நிற்கும் அந்தச் சில மணி நேரம்: நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

போன ஜூலையில் அப்பா, அம்மா, கணவர், பிள்ளைகள் இருவர் என்று ஆறு பேராக சியாட்டிலிலிருந்து ஏழு நாள் அலாஸ்கா கப்பலில் போய் வந்தோம். வழியில் கப்பல் நின்ற ஜூனோ, கெச்சிக்கன் ஊர்கள் பற்றி அப்புறம் எழுதுகிறேன். ஸ்காக்வேயை மட்டும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அதிகம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஊரில்தான், எல்லோரும் நிறைவாகத் திரும்பியதும் அந்த ஊரில்தான்.

காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தது. மூன்றரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். எட்டரை மணி நேரம் என்றால் நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் காலைச் சாப்பாடு, இறங்குகிற வரிசை, திரும்பி வரும்போது பாதுகாப்புச் சோதனை எல்லாம் போக, கையில் நிற்பது ஆறு மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரத்துக்கு எங்கள் வீட்டில் நான்கு திட்டங்கள் இருந்தன. கணவருக்குக் கனடாவின் யூகான் பகுதி வரை பஸ்ஸில் போய் எமரால்டு ஏரியைப் பார்க்க வேண்டும். பெரியவனுக்கு ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்கி நாய் வண்டி ஓட்ட வேண்டும். சின்னவளுக்குத் தங்கம் அரிக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார இடம் இருந்தால் போதும் என்றார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

முந்தின நாள் ராத்திரி அறையில் உட்கார்ந்து கரைச்சுற்றுலா பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தோம். வொயிட் பாஸ் ரயில் என்று வந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: "கேஜ் என்னம்மா போட்டிருக்கு?" இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மூன்றடி என்று சொன்னேன். அதாவது 914 மில்லிமீட்டர். "நான் ஓட்டின மீட்டர்கேஜைவிடக் குறுகல்" என்றார். முப்பத்து நான்கு வருஷம் ரயில் ஓட்டியவர் அவர். அதற்கப்புறம் பேச்சு நீளவில்லை. ஆறு பேருக்கும் ரயில்தான் என்று முடிவாயிற்று.

இந்த ரயில் ஏன் அங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஏறினால் பயணமே வேறாகிவிடும். 1896இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷமே ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்காக்வேயில் வந்து இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கான சாப்பாடு, மற்ற சாமான்கள் என்று கிட்டத்தட்ட ஒரு டன் எடை கையில் இல்லாதவரைக் கனடாப் போலீஸ் எல்லையைத் தாண்ட விடவில்லை. அந்தச் சுமையோடு மலை ஏறிய பாதையில் மூவாயிரம் குதிரைகள் செத்தன. பள்ளத்தாக்கின் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் செத்த குதிரைப் பள்ளம் என்றுதான் பெயர். அந்த மலையைத் தாண்டத்தான் 1898 மே மாதம் ரயில் பாதை போட ஆரம்பித்து 1900 ஜூலையில் முடித்திருக்கிறார்கள். பாறைக்கு வெடி வைத்தபோது நூறு டன் கல் ஒன்று இரண்டு தொழிலாளர்கள் மேல் விழுந்தது. அந்தக் கல்லை யாரும் நகர்த்தவில்லை. அதன் மேல் ஒரு கறுப்புச் சிலுவை நிற்கிறது. ரயில் அதைத் தாண்டும்போது பெட்டியில் பேச்சு அடங்கிவிட்டது.

கடல் மட்டத்திலிருந்து கிளம்பி இருபது மைலில் 2,865 அடி ஏறுகிறது. அதிகபட்ச ஏற்றம் 3.9 சதவீதம். அப்பா மனக்கணக்குப் போட்டு, இருபத்தாறு அடிக்கு ஓரடி ஏற்றம் என்று கண்டு, "ஒன் இன் ட்வென்ட்டிசிக்ஸ்! பல் சக்கரம் இல்லாமலா?" என்று வியந்து எழுந்தவர் அப்புறம் உட்காரவே இல்லை. பெட்டியின் முனையில் வெளியே நிற்க ஒரு சின்ன மேடை உண்டு. அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வளைவுகளில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசி 'கிரீச்'சென்று கத்துகிற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார், யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பது போல.

உச்சியில் இறங்க விடமாட்டார்கள். எஞ்சின்களைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியாகக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுகிறார்கள். மற்றவர்கள் அமெரிக்க-கனடா எல்லைக் கொடிகளையும் பனியையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா அந்த ஷன்ட்டிங் முழுவதையும் பார்த்தார். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற கப்ளிங் விழுந்த சத்தம் கேட்டதும் என் பெரியவனைக் கூப்பிட்டு, அடுத்து பிரேக்குக்குக் காற்றுக் குழாயை எப்படி இணைப்பார்கள், ஏன் சோதித்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பதினான்கு வயசுப் பையன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டான். அவன் தாத்தாவிடம் இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

ஏறும்போது இடது பக்க இருக்கையில்தான் பள்ளத்தாக்கு தெரியும். திரும்பும்போது சாய்மானத்தைப் புரட்டிப்போட்டு, எதிர் வரிசைக்காரர்களோடு இடம் மாறச் சொல்கிறார்கள், அதனால் இடத்துக்காக முண்டியடிக்க வேண்டாம். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பதினொன்றரைக்குக் கீழே வந்துவிட்டோம். மிச்ச நேரத்துக்கு எதையும் பதிவு செய்யவில்லை. அம்மாவைப் பழைய ரயில் நிலையத்தில் இருக்கிற தேசியப் பூங்கா மையத்தில் உட்கார வைத்துவிட்டு, அப்பா மட்டும் இன்னொரு ரயில் கிளம்புவதைப் பார்க்கப் போனார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

* * *

உங்கள் கணவர் ஆசைப்பட்ட அந்த யூகான் பஸ்ஸைத்தான் நாங்கள் எடுத்தோம், எடுக்கவிருந்தோம் என்று சொல்ல வேண்டும். பஸ் கனடாவுக்குள் போகிறது, பாஸ்போர்ட் கட்டாயம் என்று சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது. கப்பலை விட்டு இறங்க அறைச் சாவி அட்டையே போதும் என்ற பழக்கத்தில் நான்கு பாஸ்போர்ட்டையும் அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். ஓடிப்போய் எடுத்துவர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பஸ்ஸில் வேறு இருபது பேர் இருக்கும்போது எனக்காக நிறுத்திவைக்க முடியாதுதானே. மனைவி அன்று முழுக்க ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் விக்டோரியாவில் நிற்பதால் கனடா விசா எப்படியும் எடுத்திருப்பீர்கள். அது ஒருமுறை நுழைவுக்கா, பலமுறைக்கா என்று பாருங்கள். ஸ்காக்வேயிலிருந்து யூகான் போய்வருவதும் ஒரு நுழைவுதான். உச்சி வரை போய்த் திரும்புகிற ரயிலில் இந்தத் தொல்லை இல்லை, கனடா மண்ணில் யாரும் இறங்குவதில்லை.

* * *

நாங்கள் ஸ்காக்வேயில் இறங்கி, ஸ்காக்வேயைப் பார்க்காமலே பக்கத்து ஊருக்குப் போனவர்கள்! ஹேன்ஸ். தண்ணீர் வழி பதினைந்து மைல், வேகப் படகில் முக்கால் மணி நேரம். சாலை வழி போனால் கனடாவைச் சுற்றிக்கொண்டு 350 மைலுக்கு மேல். மலைகள் அப்படி அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

செப்டம்பர் முதல் வாரம் அது. கப்பல் ராத்திரி எட்டு மணி வரை நின்றதால்தான் துணிந்தோம். ஹேன்ஸில் வேனில் ஏற்றிக்கொண்டு சில்கூட் ஆற்றோரம் போனார்கள். ஆறு பெரிதில்லை, சத்தம் பெரிது. சால்மன் மீன்கள் ஏறி வருகிற காலம். மீன்களை எண்ணுவதற்காக ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பு போட்டிருக்கிறார்கள். வேன் ஓட்டிய பெண், "கதவை மெதுவாகத் திறங்கள், யாரும் கூப்பிட்டுப் பேச வேண்டாம்" என்றார். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு பழுப்புக் கரடி இறங்கியது, பின்னால் இரண்டு குட்டிகள். தாய் தடுப்பின் பக்கத்தில் முகத்தை முழுசாகத் தண்ணீருக்குள் விட்டுத் தேடியது. நிமிர்ந்தபோது காதிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாயில் மீன் துடித்தது. ஒரு குட்டி அதைப் பிடுங்கிக்கொண்டு கல் மேல் ஏறித் தின்றது. மற்றது கரையிலேயே நின்று அழுதது. ஆமாம், அழுகைதான் அது. என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அதுக்கும் குடும்மா, அதுக்கும் குடு" என்று கிசுகிசுத்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்கும் ஒரு மீன் கிடைத்தது.

ஆனால் ஒன்று. படகை நாங்களே தனியாகப் பதிவு செய்திருந்தோம். திரும்பும்போது லின் கால்வாய் என்கிற அந்தக் கடல் நீரிடுக்கில் காற்று கிளம்பி, படகு இருபது நிமிஷம் தாமதமாகத்தான் புறப்பட்டது. கப்பல் நிறுவனம் தானே நடத்துகிற சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போனால் காத்திருக்காது. நான்கு மணி நேரம் மிச்சம் இருந்தும் அந்த இருபது நிமிஷம் என் கணவருக்கு வியர்த்துவிட்டது. உங்கள் கப்பல் மாலை நாலு மணிக்கே கிளம்புகிறது என்றால் இதைத் தொடாதீர்கள். ஜூலையில் போகிறவர்களும் கரடியை நம்பிப் போக வேண்டாம், மீன் நன்றாக ஏற வேண்டும்.

* * *

ஹெலிகாப்டர் பற்றி: எங்களுக்கு மேகத்தால் ரத்தானது. ஒருவருக்கே 500 டாலருக்கு மேல், முழுப் பணமும் திரும்பி வந்தது. ஆனால் காலை பத்து மணி வரை "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று உட்கார வைத்திருந்ததில் வேறு எதற்கும் போக நேரம் சிக்கவில்லை. அதைப் பதிவு செய்கிறவர்கள் முதல் வேளைக்கே செய்யுங்கள், மாற்றாக என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பூங்கா ரேஞ்சர் கூட்டிப்போகிற நடையில் சேர்ந்தோம். கட்டணமில்லை.

* * *

நான் மூன்று முறை ஸ்காக்வே போயிருக்கிறேன். முதல் தடவை ரயில், இரண்டாவது தடவை பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கிற தங்க வேட்டைக் காலத்து ஊரான டையா. மூன்றாவது தடவை எதற்கும் பணம் கட்டவில்லை. அதைப் பற்றித்தான் எழுத ஆசை.

ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர். கோடையில் ஒரே நாளில் நான்கு பெரிய கப்பல்கள் நின்றால் ஊர்க்காரர்களைப்போல் பல மடங்கு ஆட்கள் பிராட்வே தெருவில் இருப்பார்கள். நகைக்கடைகளைத் தாண்டி நடங்கள். ஆர்க்டிக் பிரதர்ஹுட் என்ற தங்க வேட்டைக்காரர்கள் சங்கத்தின் மண்டப முகப்பு முழுக்க, கடல் ஒதுக்கிய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகளை ஆணியடித்துச் செய்தது. 1899ஆம் வருஷ வேலை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, பிறகு கிட்டப்போய் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு குச்சியையும் அளந்து வெட்டியிருக்கும் பொறுமை அப்போதுதான் புரியும்.

அங்கிருந்து ஊர்ப் பேருந்தில் வடக்கே போய், மிச்சத்தை நடந்தால் தங்க வேட்டைக் காலத்து இடுகாடு. சோப்பி ஸ்மித் என்ற ஏமாற்றுக்காரன் இந்த ஊரையே கையில் வைத்திருந்தான். 1898 ஜூலை 8ஆம் தேதி துறைமுக மேடையில் அவனுக்கும் பிராங்க் ரீட் என்பவருக்கும் துப்பாக்கிச் சண்டை. ஸ்மித் அங்கேயே செத்தான், ரீட் பன்னிரண்டு நாள் கிடந்து இறந்தார். ரீடுக்குப் பெரிய கல் நிற்கிறது. என்னை நிறுத்தியது அந்த இரண்டு கல்லறையும் இல்லை. சுற்றிலும் மரப்பலகைகளில் எழுதிய பெயர்கள். நிறையப் பேர் அதே 1898இல் இறந்தவர்கள். தங்கத்தைக் கண்ணால் பார்க்காமலே போனவர்கள். பின்னால் ஐந்து நிமிஷம் ஏறினால் ரீட் அருவி. நான் போனபோது அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல ஒரு மணி நேரம் அதுதான்.

* * *

அம்மா, மாமனார் இருவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் போகிறோம். எங்கள் கப்பல் பகல் ஒன்றரை வரைதான் நிற்கிறது. மாமனார் சக்கர நாற்காலி. ரயில், அருவி இரண்டும் முடியுமா? உதவி செய்யுங்கள்.

* * *

முதலில் எழுதிய நானே சொல்கிறேன். ரயில் மட்டும் போதும். காலை முதல் வண்டியை எடுங்கள். சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற லிஃப்ட் உள்ள பெட்டிகள் உண்டு, ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். அருவிப் பாதையில் வேரும் கல்லும் இருக்கும், நாற்காலி போகாது. கீழே வந்ததும் பூங்கா மையத்துக்குப் போங்கள், எல்லாம் பக்கம்தான். உங்கள் கப்பல் எந்த மேடையில் நிற்கிறது என்றும் கேட்டுவையுங்கள். 2022இல் பாறை சரிந்ததால் ஒரு மேடையில் சிக்கல் வந்து, சில கப்பல்கள் தள்ளி நின்று சிறு படகில் ஆட்களை இறக்கின. படகு என்றால் நாற்காலிக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

அப்புறம், மாமனாரைத் தவிர வேறு யாராவது வெளிமேடையில் நிற்க ஆசைப்பட்டால் கையுறை எடுத்துப் போங்கள். ஜூலையிலும் உச்சியில் அந்த இரும்புக் கம்பி அப்படிச் சில்லிட்டிருந்தது. அப்பா என் மகளின் இளஞ்சிவப்புக் கையுறையை வாங்கி, விரல் பாதிதான் நுழைந்தது, அதோடுதான் கீழே வரை நின்றார்.