ஓரிகான் கண்டத்திட்டில் ஜெல்லி எண்ணும்போது: வலை, சிடிடி, ஜாடி அனுபவங்கள்

வலைக்காரர்:
ஓரிகானின் நியூபோர்ட்டிலிருந்து கடலுக்குள் நீளும் ஆய்வுப் பாதையான நியூபோர்ட் கோட்டில் கரையிலிருந்து 5 கடல்மைல் போனால் ஆழம் சுமார் 60 மீட்டர். 60 செ.மீ. வாயும் 333 மைக்ரான் கண்ணியும் உள்ள போங்கோ வலைதான் (பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வலைகள்) வழக்கம். கம்பி 45 பாகை சாய்ந்தால் 60 மீட்டர் கம்பி விட்டும் வலை 42 மீட்டரில்தான் நிற்கும்.

2 நாட் வேகத்தில் 5 நிமிடம் இழுத்தால் வலை வாயிலுள்ள ஓட்டமானி (நீர் ஓடும்போது சுழன்று எண்ணும் கருவி) 11,500 பக்கம் ஏறியிருக்க வேண்டும். சாதாரண சுழலிக்கு எண்ணை 0.0269-ஆல் பெருக்கினால் மீட்டர், அதை 0.283-ஆல் பெருக்கினால் வடிந்த நீர்: சுமார் 87 கன மீட்டர். 4,000 காட்டினால் 30 கன மீட்டர்தான். கணக்கில் ஜெல்லி அடர்த்தி மூன்று மடங்காகிவிடும், 'பெருக்கம்' என்று அறிக்கையும் போய்விடும்!

வலை மேலே வந்ததும் சுழலியை ஊதிப் பாருங்கள். சுற்றாவிட்டால் அச்சில் ஜெல்லியின் உணர்கொம்பு சுற்றியிருக்கிறது, அந்த எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜோடி வலையின் மானியை எடுங்கள். தாராளமாகச் சுற்றினால் அடைத்தது கண்ணி. எண் ஓரளவு சரி, ஆனால் இழுவையின் பின்பாதி வலைக்குள் வரவேயில்லை. இழுக்கும் நேரத்தைக் குறைத்து மறுபடி போடுங்கள்.

சிடிடி மேசை:
ஆழவாரியாக நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை அளக்கும் சிடிடி கருவியிலும் ஜெல்லி கைவைக்கும். வெப்பநிலை அசையாமல் இருக்க, உப்புத்தன்மை மட்டும் திடீரென 0.3 குறைந்து அப்படியே நின்றால், கடத்துத்திறன் குழாயில் ஏதோ மாட்டியிருக்கிறது. கனமான நீர் மேலேயும் லேசான நீர் கீழேயும் இருப்பதாக அடர்த்தி தலைகீழாவதும் அதே அடையாளம். நன்னீரைப் பீய்ச்சி, ட்ரைட்டான் எனும் சோப்புக் கரைசலால் கழுவிவிட்டு மறுபடி இறக்குங்கள். கோடையில் வடக்குக் காற்றில் அடிநீர் கரையோரம் மேலெழும். காற்று தளர்ந்தால் வெளிக்கடல் நீர் கண்டத்திட்டின் மேல் வரும். எந்த நீரில் வலை போட்டோம் என்று தெரியாமல் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

நுண்ணோக்கி:
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் வலையில் வந்ததே ஜாடியில் காணாமல் போகிறதே! சீப்புஜெல்லிகளைப் பதப்படுத்தும் மருந்தான ஃபார்மலினில் போட்டால் பலவும் கரைந்து கலங்கல்தான் மிஞ்சும். கறுப்புத் தட்டில் வைத்து, பக்கவாட்டில் விளக்கடித்து, உயிரோடிருக்கும்போதே எண்ணிவிடுங்கள். கிரைசோரா போன்ற பெரிய ஜெல்லிமீன்களைக் கப்பல் தளத்திலேயே குடை விட்டம் அளந்து கடலில் விட்டுவிடலாம்.

மற்றவற்றுக்கு போராக்ஸ் சேர்த்த 5 சதவீத ஃபார்மலின். ஜாடியில் கால்வாசிக்கு மேல் ஜெல்லி வேண்டாம். உடம்பில் 95 சதவீதம் நீர். பாதி ஜாடி நிரப்பினால் மருந்தும் பாதியாகி, மாதிரி அழுகிவிடும். பீப்பாய் வடிவ ஜெல்லி உயிரான சால்ப்பில் தனியனையும் சங்கிலியையும் வேறு வேறாக எண்ணுங்கள். தாய்க்குள் ஒட்டியிருக்கும் மொட்டுகளைச் சேர்க்காதீர்கள். சைஃபோனோஃபோர் (கூட்டாக ஒட்டி வாழும் ஜெல்லி) வகையில் மக்கியேயா அட்லாண்டிகாவுக்கு நீந்துமணி (நீந்த உதவும் மணி வடிவ உறுப்பு) ஒன்றே என்பதால் மணிக்கு ஒரு உயிர் என்று வைக்கலாம். மற்ற பல சைஃபோனோஃபோர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வலைக்காரர்:
2017-இல் பைரோசோம் (குழாய் வடிவ ஜெல்லிக் கூட்டம்) வலையை நிரப்பியது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரிச் சுமையில் ஒவ்வொன்றாக எண்ணப் போகாதீர்கள். மொத்தத்தை எடைபோட்டு, நன்றாகக் கிளறி ஒரு கூடை எடுத்து, அதை மட்டும் எண்ணி மொத்த எடைக்கு விரித்துக்கொள்ளுங்கள். கிளறாமல் மேலேயிருந்து அள்ளினால் பெரிசுகள்தான் கூடையில் சேரும்.