பழைய ஹைஸ்கூல் காமெடிப் படங்களைத் திரும்பப் பார்த்தீர்களா? என்ன நடந்தது, சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்:

2003, இன்ஜினியரிங் ஹாஸ்டல். எங்கள் மாடியில் ஒருத்தனிடம் மட்டும்தான் கம்ப்யூட்டர். அந்த 14 இன்ச் மானிட்டர் முன்னால் கட்டில், மேசை, ஜன்னல் திண்டு என்று கிடைத்த இடத்தில் 15 பேர் ஏறி உட்கார்ந்து 'அமெரிக்கன் பை' பார்த்தோம். படம் 1999இல் வந்தது, எங்களுக்கு சிடியாக வந்து சேர நாலு வருஷம் ஆனது. சிரித்த சிரிப்பில் வார்டன் வந்துவிட்டார், அவரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் திட்டினார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்கார வைத்து, "இதைப் பாரு, வயிறு வலிக்கச் சிரிப்ப" என்று போட்டேன். பாதிவரை ஓரளவு சிரித்தாள். அப்புறம் அந்த வெப்கேம் இடம் வந்தது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த நாடியா ஹீரோ ஜிம்மின் அறையில் உடை மாற்றுவாள், அவளுக்குத் தெரியாமல் ஜிம் கேமராவைத் திருப்பி வைத்திருப்பான், நண்பர்களுக்கு மட்டும் போக வேண்டியது கைதவறிப் பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விடும். ஹாஸ்டலில் இந்த இடத்தைத்தான் பின்னால் இழுத்து இழுத்து ஓட்டினோம்.

இத்தனை வருஷமும் என் நினைவில் அது ஜிம் அசிங்கப்பட்ட காட்சி. சத்தியமாக அப்படித்தான் நினைவு. ஊரே பார்க்க அவன் கோமாளி ஆனான், பாவம் பையன், அவ்வளவுதான். மனைவி கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"யாரை, அவளையா?"

ஆமாம், அவளைத்தான். அதுவும் வீடியோ வெளியே போனதால் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேமரா வைத்தவனுக்குக் கிடைத்த தண்டனை என்னவென்றால் பள்ளி டான்ஸுக்கு அவனோடு வர எந்தப் பெண்ணும் தயாராக இல்லை, ஒருத்தியைத் தவிர. மிச்சப் படம் அவன் கவலையைத்தான் பேசுகிறது.

எனக்கு உறைத்தது வேறு. எங்கள் கல்லூரியிலேயே மூன்றாம் வருஷம் ஒரு ஜூனியர் பெண்ணின் படம் போனில் சுற்றியது. அடுத்த செமஸ்டருக்கு அவள் வரவில்லை. எடுத்தவன் வந்தான், எங்களோடுதான் மெஸ்ஸில் சாப்பிட்டான். அந்த 15 பேரில் ஒருத்தனுக்கும் 'அட, இது நாம் பார்த்த படம்' என்று தோன்றவில்லை. எனக்கே போன மாதம்தான் தோன்றியது.

இந்த மாதிரி யாருக்காவது ஆனதா?

———

ஸ்காபரோ அக்கா:

ஆனது. எனக்கு வேறு படம்.

நாங்கள் கனடா வந்தது 1989இல், எனக்கு 13 வயது. இங்கிலீஷ் படித்ததே வீடியோக் கடையில் கொப்பி எடுத்துப் பார்த்துத்தான். அதில் மோலி ரிங்வால்ட் நடித்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. அக்காவின் கலியாண அமளியில் சமந்தாவின் 16வது பிறந்தநாளை வீட்டில் ஒருவரும் நினைக்க மாட்டார்கள். என் 16வது பிறந்தநாளும் அப்படித்தான் போனது. ஊரில் இருந்து கடிதம் வராமல் அம்மா யோசித்துக்கொண்டிருந்த கிழமை அது, ஆர் கேக் வாங்குவது? அதனால் அந்தப் படம் எனக்கு என்னுடைய படம்.

இப்போது மகளுக்கு 15. தைப்பொங்கல் அன்று அவளோடு இருந்து பார்த்தேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்த ஆசிய மாணவன் வந்துவிட்டான். அவன் பெயர் வரும்போதெல்லாம் சேமக்கலம் அடித்தது போலப் பின்னால் ஒரு 'டொங்'. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடித்த கெடி வட்டனாபே அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் பிறந்த மனிதர், அவன் பேசுகிற அந்த உடைந்த இங்கிலீஷ் முழுக்க நடிப்பு.

நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு வியட்நாம் பெடியன் இருந்தான், அவனை எல்லாரும் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நானும் சிரித்தேன். நல்ல காலம், எங்கள் ஆட்களை வைத்து அப்படி ஒரு பாத்திரம் இல்லை என்ற ஆறுதல்தான் அந்தச் சிரிப்பில் கூட. அந்தப் பெடியன் இப்போது எங்கே என்று தெரியாது.

பிறகு அந்தக் கார். ஜேக், நான் 16 வயதில் உருகி உருகிப் பார்த்த ஜேக், குடிவெறியில் நினைவில்லாமல் கிடக்கிற தன் காதலியை அப்பாவின் ரோல்ஸ் ராய்ஸில் ஏற்றி இன்னொரு பெடியனிடம் சாவியையும் குடுத்து அனுப்புகிறான். அடுத்த நாள் காலை அவளுக்கு என்ன நடந்தது என்றே சரியாக நினைவில்லை, ஆனால் அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று காட்டிப் படம் தப்பிவிடும். மகள் ரிமோட்டை எடுத்து நிப்பாட்டினாள். "இவன்தான் ஹீரோவா அம்மா?" என்று கேட்டாள். நக்கல் இல்லை, உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

———

பழைய ரீல்:

மன்னிக்கவும், நான் மறுத்துப் பேசத்தான் வந்தேன். இப்படி ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்தால் எந்தப் படமும் தேறாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நான் 80களின் கடைசியில் மதுரையில் வீடியோ லைப்ரரி வைத்திருந்தவன். பெண்கள் குளிப்பதைப் பையன்கள் எட்டிப் பார்க்கிற 'போர்க்கீஸ்' கேசட்டைத் தேய்ந்து கோடு விழுகிறவரை வாடகைக்குக் கொண்டுபோனார்கள், இன்று அவர்களெல்லாம் பேரன் பேத்தி எடுத்து ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். சிரிப்புப் படத்தைச் சிரிப்புப் படமாகப் பாருங்கள்.

———

இன்டர்வெல்:

பழைய ரீல் அண்ணே, 'அந்தக் காலம்' என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். அதே அமெரிக்கா, அதே காலம், சிக்ஸ்டீன் கேண்டில்ஸுக்கு 2 வருஷம் முன்னால் 1982இல் 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' வந்தது. ஏமி ஹெக்கர்லிங் என்ற பெண் இயக்கிய முதல் படம். அதிலும் ஆபாசம் உண்டு, கஞ்சா உண்டு, பையன்கள் வழிகிற காட்சி உண்டு, எதற்கும் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த 15 வயசுப் பெண் ஸ்டேசி கர்ப்பமானதும் படம் அவளோடு போகிறது. கருக்கலைப்புக்குக் கூட வருகிறேன், பாதிப் பணம் தருகிறேன் என்று சொன்னவன் வரவே இல்லை. எங்கோ விளையாடப் போகிறேன் என்று பொய் சொல்லி அண்ணன் காரில் வந்து இறங்குகிறாள், அவள் தெருவைத் தாண்டி கிளினிக்குக்குள் போவதை அண்ணன் பார்த்துவிடுகிறான். வெளியே வரும்போது அவன் காரோடு காத்திருக்கிறான். திட்டு இல்லை, அழுகை இல்லை, அப்பா அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்கிறான், சாப்பிடுகிறாயா என்கிறான். அவ்வளவுதான் காட்சி. 1982இல் இது யாருக்கோ தெரிந்திருக்கிறதே.

இன்னொன்று. சிக்ஸ்டீன் கேண்டில்ஸ் அமெரிக்காவில் பிஜி சான்றிதழ் வாங்கிய படம், பெற்றோர் பார்த்துக்கொண்டால் சின்னப் பிள்ளைகளும் போகலாம். அந்தப் படம் மே மாதம் வந்தது, பிஜி-13 என்ற பிரிவு அந்த வருஷம் ஜூலையில்தான் வந்தது.

மோலி ரிங்வால்டே 2018இல் நியூயார்க்கர் இதழில் இதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். தன் 10 வயது மகளோடு தான் நடித்த 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' பார்க்க உட்கார்ந்தபோது வந்த சங்கடத்திலிருந்து தொடங்கும் கட்டுரை. எனக்குப் பிடித்தது, இந்த இரண்டு படங்களையும் எழுதி இயக்கிய ஜான் ஹியூஸை அவர் தூக்கி எறியவில்லை. தன்னைப் போன்ற பெண்களைப் பற்றி அப்போது அக்கறையாக எழுதிய ஒரே ஆள் அவர்தான் என்பதையும் சொல்கிறார், அதே ஆள் இதையும் எழுதியிருக்கிறாரே என்றும் தவிக்கிறார். ஸ்காபரோ அக்கா, உங்கள் பதிவைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

———

வக்கீல் வீட்டுப் பிள்ளை:

கடைசிபெஞ்ச் சொன்ன காட்சிக்கு ஒரு வரி. ஜிம் இன்று நம்மூரில் இருந்து அதைச் செய்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ (சம்மதமில்லாமல் அந்தரங்கத்தைப் படமெடுப்பது, பரப்புவது), 3 வருஷம்வரை சிறை. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்திலும் பெண்ணை ஒளிந்து பார்ப்பது, படமெடுப்பதற்கு எதிராக 354சி சேர்த்தார்கள், இப்போது அது புதிய சட்டத்தில் 77ஆம் பிரிவு. படத்தைப் பரப்புகிறவர்களும் சேர்த்தி. நன்றி, வணக்கம்.

———

சாக்பீஸ்:

நான் டியூஷன் வாத்தியார். பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அக்கா பையனும் அவன் சிநேகிதர்களுமாக 6 பேர் போன ஏப்ரலில் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எனக்கு உயிரான 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) போட்டுக் காட்டினேன். சனிக்கிழமை, பள்ளி நூலகம், தண்டனையாக 5 பேர், 1000 வார்த்தைக் கட்டுரை. முதல் கேள்வியே "சனிக்கிழமை ஸ்கூல் வச்சா தண்டனையா சார்? நாங்க ரெண்டு வருஷம் போனோமே." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பென்டர் என்ற முரட்டுப் பையன் கிளேர் உட்கார்ந்திருக்கிற மேசைக்கு அடியில் ஒளிந்து அவள் பாவாடைக்குள் பார்க்கிற இடம் தெரியும் அல்லவா, அதை நான் ரிமோட்டை வைத்து ஓட்டிவிட்டேன். ஓட்டியது தப்பாகப் போயிற்று. என்ன சார் ஓட்டினீங்க என்று கேட்டு, சொல்லவைத்து, அப்புறம் ஒரு பெண் சொன்னாள், "அவன் நாள் பூரா அந்தப் பொண்ணைக் கரிச்சுக் கொட்டுறான், கடைசியில அவளே தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போறா. எதுக்கு?" நான் 17 வயதில் அதைக் காதல் என்று நம்பினேன். யாரோடும் ஒட்டாத அலிசனுக்கு மேக்கப் போட்டுப் 'பெண்ணாக்குகிற' இடத்தில் 6 பேருமே கத்தினார்கள், முன்னாடியே நல்லாத்தானே இருந்தா என்று. சரி, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது பிரையன். நன்றாகப் படிக்கிற பையன், கைத்தொழில் வகுப்பில் யானை விளக்கு செய்தான், தும்பிக்கையை இழுத்தால் எரிய வேண்டும், எரியவில்லை, ஃபெயில். அதனால் உயிரை விட நினைத்து லாக்கரில் துப்பாக்கி வைத்திருந்தான், அதுதான் தண்டனைக்குக் காரணம் என்று அழுதுகொண்டே சொல்வான். கடைசியில் அது ஃபிளேர் கன், கப்பலில் ஆபத்துக்கு வெளிச்சம் காட்டச் சுடுவார்களே அது, லாக்கருக்குள்ளேயே வெடித்துவிட்டது என்று தெரியும். அந்த இடத்தில் படத்தில் 5 பேரும் சிரித்துவிடுவார்கள். அழுதுகொண்டிருந்த பிரையனும் சிரிப்பான். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன், அழுகைக்குப் பிறகு வருகிற அந்தச் சிரிப்பு பெரிய நிம்மதியாக இருக்கும்.

என் கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பள்ளி லாக்கரில் துப்பாக்கி என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா பற்றி வருகிற நினைவே வேறு. அது மட்டும் இல்லை. ரிசல்ட்டுக்கு 2 வாரம் இருந்தது. ஒரு பையன் மெதுவாக "ஒரு சப்ஜெக்ட்தான் சார் போச்சு அவனுக்கு" என்றான். படத்தை நிறுத்திவிட்டு முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தேன், அன்றைக்கு ராத்திரி 11 மணிவரை யாரும் கிளம்பவில்லை, மார்க் பற்றித்தான் பேச்சு.

அதனால் நான் பழைய ரீல் பக்கமும் இல்லை, தூக்கிப் போடு என்கிறவர்கள் பக்கமும் இல்லை. கெட்டுப்போன பகுதி கெட்டுப்போனதுதான். ஆனால் பிரையன் எங்கள் கூடத்தில் 1985ஐவிட அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டான் என்று நினைக்கிறேன்.

———

பைனரி:

'ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்' (1984) பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணாடி போட்ட, அடி வாங்குகிற பையன்கள் ஜெயிக்கிற படம் என்று நான் கோயில் கட்டிக் கும்பிட்டது அது. திரும்பப் பார்த்தால் நம் ஹீரோக்கள் பெண்கள் விடுதியில் கேமரா மாட்டுகிறார்கள், ஒருத்தன் முகமூடி போட்டு, எதிரியின் காதலியிடம் அவள் காதலன் போலவே நடித்து ஏமாற்றுகிறான். முகமூடியைக் கழற்றியதும் அவள் காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள். நாங்கள் அடிபட்டவர்கள், எனவே நாங்கள் எது செய்தாலும் நியாயம் என்று படம் நினைக்கிறது. நானும் 20 வயதுவரை ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

———

ரெண்டு பிள்ளை அப்பா:

கொஞ்சம் லேசாக ஒன்று. 'ஃபெரிஸ் ப்யூலர்' (1986) என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஸ்கூலுக்கு மட்டம் போட்டு சிகாகோ சுற்றுகிற பையன், என்ன ஜாலி என்று ரசிப்பார்கள் என நினைத்தேன். இரண்டும் ஃபெரிஸின் நண்பன் கேமரன் கட்சி. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவனை எழுப்பி, அவன் அப்பா உயிரை வைத்திருந்த ஃபெராரியை எடுக்கவைத்து, கடைசியில் அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுகிறது, ஃபெரிஸ் வீட்டுக்கு ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிறான். "இவன் ஃப்ரெண்டே இல்லப்பா" என்றாள் சின்னவள். எனக்கோ கார் விழுந்ததிலிருந்து இன்ஷூரன்ஸ் நினைப்புதான். வயதாகிவிட்டது.

———

பழைய ரீல்:

சரி. ரோல்ஸ் ராய்ஸ் விஷயம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இன்டர்வெல் தம்பி சொன்ன 82 படம் என் கடையில் இருந்தது, நான் அதை வேறு ஒரு நீச்சல் குளக் காட்சிக்காகத்தான் சிபாரிசு செய்வேன், அண்ணன் காத்திருந்தது நினைவிலேயே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அமெரிக்காக்காரனை மட்டும் ஏன்? 2003இல் நம் 'பாய்ஸ்' வந்தபோது எத்தனை கூச்சல். அன்றைக்குத் திட்டினவர்கள் கெட்ட வார்த்தைக்காகத் திட்டினார்கள். அதே வருஷங்களில் வந்த குடும்பப் படங்களில் வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்தினவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம், அதற்கு யார் கூச்சல் போட்டார்கள்? அந்தத் திரியையும் யாராவது தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

———

கடைசிபெஞ்ச்:

தொடங்குங்கள் அண்ணே, நீங்களே தொடங்குங்கள்.

அமெரிக்கன் பை பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முழுக்கக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்மின் அப்பாவாக வருகிற யூஜின் லெவி, மகன் எந்தக் கோலத்தில் மாட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து திக்கித் திணறிப் பேசப் பார்ப்பாரே, மனைவி அதற்குத்தான் அதிகம் சிரித்தாள். ஹாஸ்டலில் அந்தக் காட்சிகளை நாங்கள் தள்ளிவிட்டு ஓட்டியிருந்தோம்.

நேற்று ராத்திரி இன்டர்வெல் சொன்ன 1982 படத்தைப் போட்டோம். அந்தக் கிளினிக் இடம் வந்தபோது நான் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்து, "அந்த அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

பிராட்.