தோட்டத்துக் குடிசையைக் காலி பண்ணச் சொன்னா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தென்னந்தோப்புங்க. 1965ல இருந்து அங்கேயே குடிசை போட்டுப் பண்ணைவேலை செய்யற குடும்பத்தை, தோட்டம் விக்கறோம்னு காலி பண்ணச் சொல்றாங்க. பட்டா இல்லை. சட்டம் காப்பாத்துமுங்களா?

பதில்: காப்பாத்துமுங்க. அடுத்தவங்க நிலத்துல குடிசை போட்டிருக்கற விவசாயக் கூலிகளுக்கான 1961 குடியிருப்புச் சட்டம் வெளியேத்தறதைத் தடுக்குது. 1971 குடியிருப்புச் சட்டம் குடிசை இருக்கற மனையையே சொந்தமாக்குது. 19-6-1971 அன்னைக்கு விவசாயக் கூலியா அங்க குடியிருந்தாங்கன்னு காட்டறதுதான் உயிர்நாடி. பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் தேடுங்க. வெத்துத்தாள்ல மட்டும் கைநாட்டு வெச்சறாதீங்க. அதையே விட்டுக்கொடுத்த பத்திரமா மாத்திருவாங்க.

இன்னொரு பதில்: நிலத்தையும் குத்தகைக்கு ஓட்டினா 1955 சாகுபடி குத்தகைதாரர் சட்டம் வருமுங்க. 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தார்கிட்டக் குத்தகையைப் பதிஞ்சிருங்க. தோட்டக்காரர் குத்தகைப் பணம் வாங்கலைன்னா குத்தகை வழக்கைப் பார்க்கற வருவாய் நீதிமன்றத்துல கட்டி ரசீது வாங்கணும். சும்மா இருந்தா பாக்கின்னு சொல்லியே வெளியேத்த மனு போடுவாங்க.