தூர்வாரிய முகத்துவாரம் ஏன் மறுபடி அடைபடுகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

தூர்வாரிய மறு வருடமே முகத்துவாரம் அடைபட்டால், வேலை சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது காரணமல்ல. ஆறு சுமந்து வந்ததை இறக்கி வைக்கிற இடமே அதுதான்.

கரைகளுக்குள் அடங்கி வந்த நீர் கடலில் நுழைந்ததும் இரு பக்கமும் விரிகிறது. விரிய விரிய வேகம் தளர்ந்து, பருமணல் முதலில் விழுகிறது. அசையாத நீரில் 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். 0.01 மி.மீ. வண்டலுக்கு மூன்று மணி நேரம், 0.001 மி.மீ. களித்துகளுக்கோ ஏறத்தாழ 13 நாள். இந்தக் கணக்குப்படி களி கரைப்பக்கம் தங்கவே கூடாது. ஆனால் உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு சீக்கிரம் படிந்துவிடுகின்றன. மணல்திட்டுக்குப் பக்கத்திலேயே முழங்கால் புதையும் சேறு கிடப்பது அதனால்தான்.

ஆற்றின் வாய்க்கு (முகத்துவாரத்துக்கு) நேர் எதிரே குவியும் மணல்திட்டு, தொடக்கத்தில் கடலை நோக்கி நகர்ந்தபடியே உயரும். திட்டின் மேல் நிற்கும் நீரின் ஆழம், வாயின் ஆழத்தில் சுமார் 40 சதவீதமாகக் குறைந்ததும் நகர்வது நின்றுவிடும். அதாவது வாய் 5 மீட்டர் ஆழமென்றால், திட்டின் மேல் 2 மீட்டர். அதன்பின் நீர் இரண்டாகப் பிரிந்து ஓடும். ஒவ்வொரு கிளையும் தன் முனையில் இன்னொரு திட்டை உண்டாக்கும். டெல்டா விரிவது இப்படித்தான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1940-களின் தொடக்கத்தில் வெட்டிய வாக்ஸ் லேக் கால்வாயின் வாயில், நீருக்கடியில் சேர்ந்துகொண்டே இருந்த திட்டுகள் 1973 வெள்ளத்துக்குப் பிறகு நிலமாகத் தலைகாட்டின.

ஆற்றின் கை ஓங்கியிருக்கும் இடங்களில்தான் இப்படி. அலை வலுத்தால் மணல் கரையோரமாக இழுபட்டு, நீண்ட மேடாகி, நீர்வரத்து குறைந்த மாதங்களில் வாயையே மூடிவிடும். ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வலுத்த கங்கை-பிரம்மபுத்திரா முகத்தில் திட்டுகள் நீரோட்டத்தின் திசையிலேயே நீளுகின்றன.

தடுப்புச்சுவர் கட்டினால் தீராதா என்றால், பாதி தீரும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் தெற்குக் கிளை கடலில் சேரும் இடத்தில் 1875 முதல் 1879 வரை பொறியாளர் ஜேம்ஸ் ஈட்ஸ் இருபுறமும் சுவர் எழுப்பி நீரை நெருக்கினார். வேகம் கூடி, ஆறே தன் அடியை அரித்து ஆழமாக்கிக்கொண்டது. ஆனால் சுவர் முடியும் இடத்தில் நீர் மறுபடி விரியும், திட்டு அங்கே தொடங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், கரையோரமாக நகரும் மணலைச் சுவர் மறித்துவிடுவது. மணல் வரும் பக்கம் கடற்கரை அகலும். மறுபக்கம் கடல் உள்ளே வரும்.

ஆகவே தூர்வாரும் முன் வெள்ளம் வடிந்ததும் ஒருமுறை, வறண்ட மாதத்தில் ஒருமுறை ஆழம் அளந்து, அடிமண்ணையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மணல் என்றால் அதை ஆழ்கடலில் கொட்டக் கூடாது. அரிக்கப்படும் கரையில் போட வேண்டும். மணல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கொட்டினால் அதே மணல் திரும்ப வாய்க்கே வந்து சேரும்.